தட்டினால் ஒலிக்கும் பாறை

2001 செப்டம்பர் 25. இரவு எட்டரை ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. சென்னையில் எங்கள் சமையலறை அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் கடகடவென்று ஆடின. தெருவில் தண்ணீர் லாரி போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். லாரி என்றால் சத்தம் நெருங்கி வந்து, கடந்து, தேய்ந்து போக வேண்டும். இது நின்ற இடத்திலேயே நின்று குலுக்கியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துதுடா" என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்த பிறகுதான் சுற்றியது தலை இல்லை, ஆடியது தரை என்று விளங்கியது.

அன்று அதிர்ந்த இடம் சென்னையே அல்ல. புதுச்சேரிக்குக் கிழக்கே, கடலுக்கு அடியில், எங்கள் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். நிலநடுக்கத்தின் அளவு 5.5. ஜப்பானில் இந்த அளவு நடுக்கம் அடிக்கடி வந்து போகும். இங்கே அது தமிழ்நாட்டின் பல மாவட்டங்களை வாசலுக்கு வரவழைத்தது. பயம் ஒரு காரணம். பாறை இன்னொரு காரணம்.

சந்தையில் மண்பானை வாங்குகிறவர் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். நல்ல பானை ‘டங்’ என்று ஒலித்து, அந்த ஒலி சற்று நேரம் நிற்கும். கீறல் விட்ட பானை ‘டொக்’ என்று அடங்கிவிடும். கீறலின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. தென்னிந்தியா நல்ல பானை. பல்லாவரத்துக் குன்றுகளில் உள்ள சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. குளிர்ந்து, இறுகி, கெட்டிப்பட்ட பாறை அது. அதிர்வலை அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும். கலிபோர்னியாவின் நிலமோ விரிசல் மேல் விரிசல் கண்டது. அங்கே அலை சீக்கிரம் அடங்கிவிடும்.

அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு நேரடிச் சோதனை நடந்தது. 2004-ல் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் வந்த நடுக்கத்தின் அளவு 6.0. 2011 ஆகஸ்ட் 23 அன்று, நடுக்கம் அரிதான கிழக்குப் பகுதியில், வர்ஜீனியாவின் மினரல் என்ற சிற்றூருக்கு அருகே வந்தது 5.8. அளவில் சிறியது இரண்டாவதுதான். ஆனால் முதலாவதைவிட வெகுதூரம் பரவியது அதுதான்; தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வடக்கே கனடா வரை உணரப்பட்டது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த வாஷிங்டன் நினைவுத்தூணின் கற்கள் விரிசல் விட்டன. அதைப் பழுதுபார்த்து மக்களுக்குத் திறக்க 2014 மே மாதம் ஆகிவிட்டது.

சரி, இவ்வளவு கெட்டியான பாறை ஏன் உடைகிறது? இந்தியத் தட்டு, அதாவது இந்தியா அமர்ந்திருக்கும் பெரும் பாறைத் தகடு, ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. முட்டும் இடம் இமயமலை. ஆனால் கதவைத் தோளால் முட்டினால் தோள் மட்டுமா வலிக்கிறது? முதுகும் இறுகுகிறது. அந்த இறுக்கம் தட்டின் உள்ளே கன்னியாகுமரி வரை பரவியிருக்கிறது. அது பழைய தழும்புகளைத் தேடும். நம் கிழக்குக் கரை, சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் அண்டார்டிகா நம்மிடமிருந்து பிரிந்த விளிம்பு. அப்போது கிழிந்த பிளவுகள் கடலடியில் இன்னும் இருக்கின்றன. இறுக்கம் மிக மெல்லச் சேர்வதால் ஒரு பிளவு பல ஆயிரம் ஆண்டுகள்கூட அசையாமல் கிடக்கலாம். தாத்தாவின் தாத்தாவுக்கும் தெரியாது என்பது அங்கே ஆபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. கோயம்புத்தூரில் 1900 பிப்ரவரி 8 அன்று அளவு 6 ஒட்டிய நடுக்கம் வந்ததை இன்று அந்த ஊரில் எத்தனை பேர் பேசக் கேட்கிறோம்?

மகாராஷ்டிராவின் கில்லாரியை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. 1993 செப்டம்பர் 30, விடிகாலை நான்கு மணிக்குச் சற்று முன். முந்தைய நாள் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு ஊரே அசந்து தூங்கியது. அளவு 6.2. மையம் ஆழமில்லாதது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். அன்றைய நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் அந்த ஊர் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது.

அவர்களைக் கொன்றது வீடு. இரண்டடி, அதற்கும் மேல் கனமான கருங்கல் சுவர். உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சேறும் சில்லும். இரண்டு வரிசையையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல் கிடையாது. மேலே மரப்பலகை பரப்பி, வெயில் இறங்காமல் இருக்க ஓரடிக்கும் மேல் மண். அந்த வெயிலுக்கு அது அருமையான வீடு. தரை பக்கவாட்டில் ஆடியபோது சுவர் இரண்டாகப் பிளந்து உள்ளும் புறமும் சாய, மண் மெத்தை தூங்கியவர்கள் மேல் இறங்கியது. எடை கூடக் கூட நடுக்கத்தின் இழுவையும் கூடும். வாசல் நிலைக்கு மேலே வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் ஓடியிருந்தால் எத்தனையோ சுவர்கள் நின்றிருக்கும்.

இந்தியக் கட்டட விதி 2002-ல் திருத்தப்பட்டபோது முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

வெகுதூர நடுக்கம் ஆளைப் பார்த்து ஆட்டும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவு நடுக்கம். சென்னையில் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்கள் பதறி இறங்கினார்கள். தெருவில் நடந்தவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. படபடவென்று ஆட்டும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். நிதானமாக ஆட்டும் நீண்ட அலைகள்தான் வந்து சேரும். உயர்ந்த கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் நிதானமானது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்றுத் தள்ளுவதுபோல் அலை அதைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்குக் கவலை, கீழே கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டு மேலே நான்கு மாடி ஏற்றும் நம் வீடுகள்தான். 2001 ஜனவரியில் குஜராத் அதிர்ந்தபோது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த வகை. வீடு கட்டுகிறவர் கான்கிரீட் கொட்டுமுன் தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ‘ரிங்’ கம்பியை ஒருமுறை குனிந்து பார்க்கலாம். அதன் முனை வெறுமனே செங்கோணத்தில் மடங்கியிருந்தால், குலுக்கலில் மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்து திறந்துகொள்ளும். 135 பாகைக்கு மடக்கி, முனையைத் தூணின் உள்ளே செருகியிருந்தால் பிடியை விடாது. அந்தக் கூடுதல் மடிப்புக்கு ஒரு ரிங்குக்குச் சில அங்குலக் கம்பிதான் அதிகம் செலவாகும்.