பூட்டின வீட்டுல ஓடின கரண்ட்

போன தீபாவளிக்கு குடும்பத்தோட தைப்பிங்ல அம்மா வீட்டுக்குப் போயி அஞ்சு நாள் இருந்துட்டு, கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃபிளாட்டுக்கு திரும்பி வந்தோம். வந்த அன்னிக்கு ராத்திரி மின்சாரக் கம்பெனி டிஎன்பியோட ஆப்ப தொறந்து பாத்தா, வீடு பூட்டிக் கெடந்த அஞ்சு நாளும் நாளுக்கு 2.4 யூனிட் ஓடியிருக்கு. லைட் இல்ல, ஃபேன் இல்ல, ஒரு மனுஷன் இல்ல. ஃப்ரிட்ஜ் ஓடியிருக்கும், சரி. பிளக்குல மாட்டுற வாட் மீட்டர் ஒண்ணு வாங்கி ஃப்ரிட்ஜ ஒரு நாள் முழுக்க அளந்து பாத்தேன், 1.1 யூனிட்தான் வருது. மிச்சம் 1.3 யூனிட்ட 24 மணி நேரத்தால வகுத்தா 54 வாட். அதாவது ஒரு சீலிங் ஃபேன் ராப்பகலா நிக்காம சுத்தின அளவு கரண்ட் யாருக்கும் உபயோகமில்லாம போயிருக்கு.

வாட் மீட்டர் இல்லாதவங்களும் இத கண்டுபிடிக்கலாம். மீட்டர் பெட்டியில சின்னதா ஒரு சிவப்பு எல்இடி மினுக்கும், பக்கத்துலயே எத்தன மினுக்குக்கு ஒரு யூனிட்டுன்னு அச்சடிச்சிருக்கும், எங்க மீட்டர்ல 1000. ஒரு யூனிட்டுன்னா 1000 வாட்-மணி, அப்போ ஒரு மினுக்குன்னா ஒரு வாட்-மணி, ரெண்டு மினுக்குக்கு நடுவுல எத்தன செகண்டோ அதால 3600-அ வகுத்தா அந்த நேரத்துக்கு வீடு எத்தன வாட் இழுக்குதுன்னு தெரிஞ்சிரும். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஃபேன், லைட் எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஃப்ரிட்ஜையும் பத்து நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு ஃபோன்ல ஸ்டாப்வாட்ச போட்டு நின்னேன், 67 செகண்டுக்கு ஒரு மினுக்கு. கணக்கு போட்டா அதே 54 வாட்.

இந்த மாதிரி கரண்ட் வீணாகுதுன்னு சொன்னா எல்லாரும் மொதல்ல டிவியில எரியிற சிவப்பு லைட்டதான் கை காட்டுவாங்க. அந்த லைட் பாவம், அதுக்கு 0.02 வாட், மிஞ்சிப் போனா 0.05 வாட் போதும். ரிமோட்டுக்கு காத்துக்கிட்டு இருக்கிற வேலையும் பெருசு இல்ல. ரிமோட்ட அமுக்குனா கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி நொடிக்கு சுமார் 38 ஆயிரம் தடவ துடிச்சிக்கிட்டு வரும், அத புடிக்கிற சின்ன ரிசீவருக்கு ஒரு வாட்ல நூத்துல ஒரு பங்கு கூட வேணாம். அப்போ மிச்சம் எங்க போகுது? 240 வோல்ட்ட அந்த ரிசீவருக்கு வேண்டிய 5 வோல்ட்டா கொறைக்கிற பவர் சப்ளையிலதான், அப்புறம் தூங்குற மாதிரி காட்டிக்கிட்டு தூங்காம இருக்கிற சாமான்கள்ல.

எங்க வீட்டுல பழைய ஹோம் தியேட்டர் செட் ஒண்ணு இருக்கு, அதோட பெரிய பாஸ் பெட்டிய ஆஃப் பண்ணி மணிக்கணக்கா ஆனாலும் பின்னால கை வெச்சா வெதுவெதுன்னு இருக்கும், காத வெச்சு கேட்டா ம்ம்ம்னு ஒரு சத்தம். உள்ள இருக்கிறது பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர், இரும்புத் தகடு அடுக்கி அதுல செம்புக் கம்பி சுத்தினது. முன்னால இருக்கிற பட்டன் டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்புறம் இருக்கிற சர்க்யூட்டதான் நிறுத்துது, டிரான்ஸ்ஃபார்மருக்கு வர்ற 240 வோல்ட் வந்துக்கிட்டேதான் இருக்கு. நம்ம கரண்ட் நொடிக்கு 50 தடவ முன்னயும் பின்னயும் ஓடுறதால அந்த இரும்போட காந்தமும் அதே வேகத்துல திசை மாறி மாறி அலையும், ஒவ்வொரு தடவ திரும்பும்போதும் கொஞ்சம் சூடா போயிரும், தகட்டுக்குள்ள சுழல்ற கரண்ட்டும் அதோட சேந்துக்கும். பாட்டே பாடாம 9 வாட்.

இப்ப வர்ற சார்ஜர், டிவியெல்லாம் வேற மாதிரி. வர்ற கரண்ட்ட மொதல்ல 340 வோல்ட் அளவு நேர் கரண்ட்டா மாத்தி, அத நொடிக்கு பல்லாயிரம் தடவ வெட்டி வெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும், தேவை கொறஞ்சா வெட்டுறதையே விட்டு விட்டு செய்யும், அதனாலதான் வீணாகுறது ரொம்ப கம்மி. எங்க புது டிவி ஸ்டாண்ட்பைல, அதாவது ரிமோட்ல ஆஃப் பண்ணி பிளக்குலயே இருக்கிறப்ப, 0.5 வாட்தான். இதுக்குப் பின்னால நெறைய பேரு உழைப்பு இருக்கு. கலிஃபோர்னியா லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல ஆலன் மையர்னு ஒரு விஞ்ஞானி எந்த சாமானும் ஸ்டாண்ட்பைல ஒரு வாட்டுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சொல்ல, அத 1999-ல சர்வதேச எரிசக்தி முகமை கையில எடுத்துச்சு. ஐரோப்பாவுல 2010-ல ஒரு வாட்டு, 2013-ல அர வாட்டுன்னு சட்டமே வந்துருச்சு, ஐரோப்பாவுக்குன்னு மாத்துன டிசைன்தான் இங்க கடைக்கும் வருது. அதனால ஃபோன் சார்ஜர கழட்டலன்னு புள்ளைங்கள திட்டாதீங்க, நல்ல சார்ஜர் ஃபோன் மாட்டாம சும்மா இருந்தா 0.1 வாட் கூட வராது, வருஷத்துக்கு 35 காசு.

காசுன்னதும் ஒரு கணக்கு மனசுல வெச்சுக்குங்க. ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினா 8.76 யூனிட், யூனிட்டுக்கு 40 காசுன்னு வெச்சா மூணர வெள்ளி, அதாவது ரிங்கிட்.

இத வெச்சு பாத்தா எங்க வீட்டுல பெரிய திருடன் சாட்டிலைட் டிவிக்கான டிகோடர் பெட்டிதான், 15 வாட், வருஷத்துக்கு 52 வெள்ளி. ரிமோட்ல ஆஃப் பண்ணா பச்ச லைட் சிவப்பா மாறும், டிவிக்கு படம் போறது நிக்கும், அவ்வளவுதான். உள்ள ப்ராசஸர் முழிச்சிருக்கும், ரெக்கார்ட் பண்ற வகையா இருந்தா ஹார்ட் டிஸ்க் கூட சுத்தும், அதோட வெளிய செவத்துல மாட்டியிருக்கிற தட்டு இருக்குல்ல, அதோட மூக்குல இருக்கிற கருவிக்கும் இந்த டிகோடர்தான் அதே கேபிள் வழியா 13 இல்லன்னா 18 வோல்ட் அனுப்பிக்கிட்டு இருக்கு. அந்தப் பெட்டிக்கு மேல பூன வந்து படுக்கும், அவ்வளவு சூடு. நம்ம ஊரு வெக்கைக்கு அந்த சூட்டையும் சேத்துதான் ஏர்கான் வெளிய தள்ளணும், ரெண்டு தடவ காசு.

மேல் மாடி வயர்மேன் அண்ணன் வயர கவ்விப் புடிச்சு ஆம்ப் காட்டுற கிளாம்ப் மீட்டர் கொண்டாந்து, டிவி வயருக்குள்ள ஒரு கம்பிய மட்டும் தனியா பிரிச்சு அதுல மாட்டிட்டு, "0.03 ஆம்ப் காட்டுதுப்பா, 7 வாட் ஓடுது"ன்னார். "அண்ணே, என் மீட்டர்ல அர வாட்தாண்ணே வருது"ன்னேன். ரெண்டு மீட்டரும் தப்பில்ல. டிவிக்குள்ள வர்ற வழியில ஒரு கபாசிட்டர் இருக்கும், அது கரண்ட்ட கைமாத்து வாங்கி அடுத்த கணமே திருப்பிக் குடுத்துரும். கிளாம்ப் மீட்டர் வாங்குறதையும் குடுக்குறதையும் சேத்து எண்ணுது, நம்ம வீட்டு மீட்டர் திரும்பி வராததுக்கு மட்டும்தான் காசு போடும். ஸ்டாண்ட்பை அளக்கணும்னா வாட் காட்டுற மீட்டர்லதான் அளக்கணும்.

மைக்ரோவேவ் கடிகாரம் ஒரு நாளைக்கு இழுக்குறது 48 வாட்-மணி, ரெண்டு நிமிஷம் சோறு சூடு பண்ற அளவுக்கு. வாஷிங் மெஷின் 1 வாட், ரெண்டு ஏர்கானும் சேத்து 4.

அம்மா வீட்டுல தெர்மோபாட். அது ஸ்டாண்ட்பை கணக்குல வராது, ஆனா சொல்லாம இருக்க முடியல. தண்ணிய நாள் முழுக்க கொதி நெலைக்கு பக்கத்துலயே வெச்சிருக்க பொதுவா 30, 40 வாட் இழுக்கும், 35-ன்னு வெச்சாலே வருஷத்துக்கு 120 வெள்ளி ஆயிரும். "ஏம்பா அதப் போயி ஆஃப் பண்ற, ராத்திரி யாருக்காச்சும் மைலோ வேணும்னா?"ன்னு கேட்டாங்க. அலமாரியில இருந்த பழைய ஃபிளாஸ்க எடுத்து ராத்திரி பத்து மணிக்கு ஊத்தி வெச்சேன், காலையில பசியாறும்போதும் தண்ணி சூடாவே இருந்துச்சு, அதுக்கப்புறம் அவங்களே ஊத்தி வெக்கிறாங்க.

நம்ம நாட்டுல மூணு முள்ளு சாக்கெட்டு பெரும்பாலும் சுவிட்சோட வருது, அது பெரிய வசதி. ஆனா டிவி கேபினெட்ட அந்த சுவிட்ச மறைச்சுதான் வெப்போம். ஒவ்வொரு ஓட்டைக்கும் தனி சுவிட்ச் இருக்கிற எக்ஸ்டென்ஷன், சிரிம் தர முத்திரை ஸ்டிக்கர் ஒட்டினதா பாத்து வாங்கி, கை எட்டுற எடத்துல வெச்சு, டிகோடரையும் ஹோம் தியேட்டரையும் அதுல மாட்டினேன். ரைஸ் குக்கர், தெர்மோபாட் மாதிரி சூடு சாமான் எதையும் அதுல மாட்டாதீங்க. இடி மழைக்கு சுவிட்ச் மட்டும் பத்தாது, சுவிட்சுக்குள்ள இருக்கிற இடைவெளி சில மில்லிமீட்டர்தான், மின்னல் அத தாண்டிரும், பாட்டி சொன்ன மாதிரி பிளக்கையே புடுங்கணும், டிகோடருக்கு வர்ற கேபிளையும் சேத்து.

எல்லாத்தையும் ஆஃப் பண்ணணும்னு இல்ல. ஓஎல்இடி டிவி பாத்து முடிச்சப்புறம் ஸ்டாண்ட்பைலதான் திரைய சரி பண்ணிக்கும், அத ஒடனே சுவிட்ச்ல நிறுத்துனா திரைக்குத்தான் கெடுதல். இங்க்ஜெட் பிரிண்டருக்கு சுவிட்ச்ல கரண்ட்ட வெட்டி வெட்டி போட்டா நெறைய மாடல்ல ஒவ்வொரு தடவையும் மை செலவழிச்சு, மை தெளிக்கிற மூக்க கழுவும், அதோட பட்டன்லயே நிறுத்துங்க. டிகோடர ஆஃப் பண்ணா ராத்திரி ரெக்கார்டிங் நடக்காது, காலையில எழுந்து வர கொஞ்ச நேரம் எடுக்கும், எங்க வீட்டுல அதுக்கு ஒத்துக்கிட்டாங்க.

டிகோடர், ஹோம் தியேட்டர், மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், ஏர்கான் எல்லாம் சேத்து 31 வாட் கொறஞ்சுது, டிவி பாக்குற நேரத்த கழிச்சாலும் வருஷத்துக்கு 90 வெள்ளிக்கு மேல மிஞ்சும். தைப்பூசத்துக்கு மறுபடி வீட்ட பூட்டிட்டு போனோம், ஆப்ல நாளுக்கு 1.6 யூனிட். வந்த ராத்திரி மீட்டர் பெட்டிக்கு முன்னால போயி மறுபடி நின்னேன், மினுக்குக்கு மினுக்கு 156 செகண்ட். அந்த மிச்சம் 23 வாட்ல பெரும்பங்கு ரவுட்டரும் மோடமும் வாசல் கேமராவும்.