பல் எண்ணிக்கையைக் கேட்கும் முன் டயரை அளந்து பாருங்கள்

பழைய பின்சக்கர இழுவைக் காரில் பெரிய இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் ஏற்றி ஓட்டும் ஆசை நெல்லைச் சீமைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் இன்ஜின் ஏறிய பிறகு பட்டறைக்கு வரும் அடுத்த கோரிக்கை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது: "அண்ணாச்சி, பின்னால் 4.88 போட்டுக் கொடுங்கள், வண்டி பறக்க வேண்டும்." ஏன் 4.88 என்று கேட்டால் பதில் வராது. யாரோ ஒருவர் காணொளியில் சொல்லியிருப்பார்.

பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுழற்றும் சிறியது பினியன். கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் வருவதுதான் இந்த எண். 41 பல் கிரவுனுக்கு 10 பல் பினியன் என்றால் 4.10, 39-க்கு 8 என்றால் 4.88-க்கு அருகில். எண் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும். (40-க்கு 10 என்று முழு எண்ணாக ஏன் செய்வதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிச் செய்தால் ஒரு பினியன் பல், கிரவுனில் அதே நாலு பல்லைத்தான் திரும்பத் திரும்பக் கடிக்கும். தேய்மானம் சீராக இராது.)

கிளட்ச் வண்டிக்குச் சொல்லும் கணக்கு ஆட்டோமேட்டிக்குக்குப் பொருந்தாது. இங்கே இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் அது இன்ஜினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறது; வேகம் கூடக்கூட அந்தப் பெருக்கம் ஒன்றுக்கு இறங்கிவிடும். கிளம்பும் வலுவைக் கன்வெர்ட்டரே தரும்போது, அதற்காகவே பின் அச்சில் எண்ணை ஏற்றுவது வீண் செலவு. முதல் கியரையும் சேர்த்துப் பாருங்கள். டொயோட்டாவின் ஏ340இ நாலு கியர் பெட்டியில் முதல் கியர் 2.80; பின்னால் 4.10 போட்டால் பெருக்கல் 11.5. இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியில் முதல் கியரே 4.71, பின்னால் வெறும் 2.81 இருந்தாலும் பெருக்கல் 13-ஐத் தாண்டுகிறது. ஆறு, எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கோடு நிறுவனத்திலிருந்து வந்த காரின் பின் அச்சில் கை வைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கணக்கைக் கிளம்பும் இடத்திலிருந்து தொடங்காமல் நீங்கள் தினமும் ஓடும் வேகத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு முதலில் டயர் அளவு வேண்டும். டயரில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். காற்று சரியாக இருக்கட்டும், ஆள் உள்ளே உட்காரட்டும். டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் தரையில் ஒரு கோடு. வண்டியைத் தள்ளி, டயர்க்கோடு மறுபடி தரைக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் டேப்பைப் பிடித்தால் ஒரு சுற்றின் தூரம் கிடைத்துவிடும்.

அது 2 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 833 சுற்று. நாலாவது கியர் 0.705 உள்ள அதே டொயோட்டா பெட்டியில், பின் அச்சு 3.31 என்றால் இன்ஜின் சுமார் 1,950 சுற்று, 4.10 என்றால் 2,400, 4.88 என்றால் 2,870. மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று மட்டுமே உள்ள பழைய மூன்று கியர் பெட்டியில் 4.88 போட்டால் 4,000-ஐத் தாண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் மதுரை வரை அந்த இரைச்சலோடு போய்வர உங்கள் வீட்டில் யாரும் சம்மதிப்பார்களா?

"ஓவர்டிரைவ் இருக்கிறதே, இன்ஜின் சுற்று குறைந்துவிடுமே" என்பார்கள். இன்ஜினுக்குக் குறையும். ஆனால் ஓவர்டிரைவ், அதாவது ஒன்றுக்குக் கீழே உள்ள அந்த 0.705 கியர், கியர்பாக்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதே 100 கிலோமீட்டர் வேகத்தில், 4.88-இல் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல்தான் சுற்றும். பட்டறையில் வெட்டி ஒட்டிய ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யப்படாமல் இருந்தால் 80-ஐத் தாண்டியதும் தரை அதிரும். பெரிய எண்ணுக்குப் பினியன் தலையும் சிறுத்துப்போகிறது. பெரிய இன்ஜினின் அடியை வாங்குவது அந்தச் சிறிய பல்தான்.

எதிர்ப்பக்கமாகச் சாய்பவர்களும் உண்டு: பெட்ரோல் மிச்சமாகும் என்று 2.7 கேட்பார்கள். அவர்களை ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். எதிர்க்காற்று மேலே விழுந்ததும், 1,600 சுற்றில் கிடக்கும் இன்ஜின் திணறும். கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டிவைக்கும் லாக்கப் விடும், கியர் மூன்றுக்கு இறங்கும், வேகம் பிடித்ததும் நாலுக்கு ஏறும், மறுபடி இறங்கும். காற்றாலைகளைக் கடந்து முடிக்கும்வரை இதே கூத்து. லாக்கப் இல்லாமல் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே ஓடும்போது அந்த வழுக்கல் முழுவதும் சூடாகி கியர்பாக்ஸ் எண்ணெயில் சேர்கிறது. அளவுக்கம்பியை உருவி முகர்ந்தால் கருகிய வாடை வருகிறதென்றால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேயத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

ஆகவே நாலு கியர் ஓவர்டிரைவ் பெட்டிக்கு, ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் ஓடும் டயருக்கு, 3.7 முதல் 3.9 வரை என்பதுதான் என் தேர்வு. மூன்று கியர் பெட்டியென்றால் 3.0 முதல் 3.3. மாஞ்சோலை மலைச்சாலைக்கு அடிக்கடி போகிறவர் 4.10 வரை போகலாம். அதற்கு மேல் தெருவில் ஓடும் காருக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. கேட்ட எண் எல்லாம் உங்கள் ஹவுசிங்கில், அதாவது பின் அச்சின் கூட்டில், உட்காரும் என்றும் நினைக்காதீர்கள். சில ஹவுசிங்குகளில் ஓர் அளவுக்கு மேல் போனால் உள்ளே கிரவுனைத் தாங்கும் கேரியரையே மாற்ற வேண்டும்.

வேகமானி கியர்பாக்ஸின் வெளித்தண்டிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியில் 3.31-ஐ 4.10 ஆக்கினால், 80-இல் போகும்போது முள் 99 காட்டும். ஓடிய தூரமும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுவது நாணயம்.

இனி பொருத்தும் வேலை. கிரவுனும் பினியனும் ஒன்றாக உரசிச் சேர்த்த ஜோடி. இரண்டிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இல்லையென்றால் பெட்டியை மூடிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பல்லில் தடம் பார்ப்பதற்கான மஞ்சள் நிறக் குழம்பைத் தடவிச் சுற்றிப் பார்த்தால், கடித்த தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். மேல் விளிம்பிலோ அடியிலோ விழுந்தால் பினியன் ஷிம்மை, அதாவது அதன் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டை, மாற்ற வேண்டும். டயல் கேஜில் பல் இடைவெளி பெரும்பாலான ஹவுசிங்குகளுக்கு 0.15 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். ஆக்சிலேட்டரை எடுத்ததும் ஊளையிடும் பின் அச்சுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

இன்ஜின் மாற்றிய வண்டி என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் ஏற்றியிருக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்க்காமல் நான் ஹவுசிங்கைத் திறப்பதில்லை. புதுப் பல் ஏறியதும் ஜி.எல்.5 தரத்தில் 90 எண்ணெய், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் என்றால் அதற்குரிய சேர்மானம். முதல் ஓட்டத்தில் இருபது நிமிடம் மெதுவாகப் போய், நிறுத்தி, நன்றாக ஆற விடுங்கள். 800 கிலோமீட்டர் வாக்கில் எண்ணெயை வடித்து, வடிதிருகின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற மெல்லிய தூள் இருக்கத்தான் செய்யும். நகம்போல் துணுக்கு அகப்பட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.