மாற்று விகிதமா, கைகூடல் விகிதமா?

பத்தமடையில் பாய் விற்கிற தம்பி ஒருவர் போன வாரம் போனை என் முன்னால் நீட்டினார். அவருடைய வலைத்தளத்துக்கு விளம்பரம் பார்க்கிறவர்கள் அனுப்பிய மாத அறிக்கை. அதில் 'மாற்று விகிதம் 2%' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "என்ன அண்ணாச்சி, நூத்துக்கு ரெண்டு பேரு பாயை மாத்தித் தரச் சொல்லுதாவளா? எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே!" என்றார். முகம் சுண்டிப் போயிருந்தது.

அவர்மேல் தப்பில்லை. கடை வைத்திருப்பவனுக்கு 'மாற்று' என்றால் சரக்கு திரும்பி வருவதுதான்.

ஆங்கில மூலச் சொல் கன்வெர்ஷன். லத்தீனில் 'வெர்த்தெரே' என்றால் திருப்புதல், அதிலிருந்து வந்தது. வலை வணிகத்தில் அதற்குப் பொருள் எளிது: வந்து பார்த்தவர் நாம் எதிர்பார்த்த காரியத்தைச் செய்துவிட்டார். பாய் வாங்கியிருக்கலாம், விலை கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். இரண்டில் எதைக் கணக்கில் எடுப்பது என்று விளம்பரத்துக்குக் காசு கட்டுமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆயிரம் பேர் வந்து இருபது பேர் செய்தால் 2 சதவீதம்.

இதற்கு ஏன் 'மாற்று'? டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது நாணய மாற்று விகிதம். தங்கத்தின் தரமும் மாற்றுதான். பத்தரை மாற்று என்கிறோம். மாற்று மருத்துவம், மாற்றுச் சாவி, மாற்றுத்துணி என்று ஏற்கெனவே அந்தச் சொல் தூக்கமாட்டாத சுமை தூக்குகிறது. போதாக்குறைக்கு இன்னும் சிலர் 'மாற்றம்' என்கிறார்கள். பாய் வாங்கியவன் என்னவாக மாறினான்? வந்தபோதும் மனிதன், போகும்போதும் மனிதன், கையில் ஒரு பாய் கூடுதல்.

கன்வெர்ஷன் என்ற இதே சொல்லை இந்தச் சீமையின் சர்ச்சுகளில் 'மனந்திரும்புதல்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. எது திரும்புகிறது என்று யோசித்திருக்கிறார்கள். மனம் என்று கண்டு எழுதியிருக்கிறார்கள். இப்போதைய மொழிபெயர்ப்பாளருக்கு அகராதியின் முதல் வரியைத் தாண்டப் பொறுமையில்லை. அதனால்தான் பவுன்ஸ் ரேட் 'துள்ளல் விகிதம்' ஆகிறது. பத்து நொடி தாண்டாமல், அடுத்த பக்கம் போகாமல், ஒரு காரியமும் செய்யாமல் கிளம்புகிறவனைத்தான், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் இப்போது அந்தக் கணக்கில் வைக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன் அவன், துள்ளுவது கன்றுக்குட்டி.

மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் விலை ஒத்துவந்தால் 'படிஞ்சிட்டு' என்பார்கள். எனக்கு முதலில் அந்தச் சொல்மேல்தான் ஆசை. ஆனால் 'படிதல் விகிதம்' என்று எழுதினால் எழுத்தறிவுக் கணக்கு என்று நினைப்பார்கள். தவிர, வாட்ஸ்அப்பில் விலை கேட்டவரிடம் பேரம் இன்னும் தொடங்கவே இல்லையே.

என் சொல் 'கைகூடல்'. கல்யாணம் கைகூடிற்று, காரியம் கைகூடிற்று என்று இன்றைக்கும் புழங்குகிறது. 'ஞாலம் கருதினும் கைகூடும் காலம் கருதி இடத்தாற் செயின்' என்ற குறளில் (484) இருப்பதும் இதே சொல்தான். எப்போது, எங்கே விளம்பரம் போடுவது என்பதுதானே இந்தத் தொழிலில் பாதி! வாங்கினாலும், விலை கேட்டாலும், பெயர் பதிந்தாலும் பொருந்தும்.

பழகிப்போன சொல்லை மாற்றக் கூடாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. கூகுளே 2024இல் அனலிட்டிக்ஸில் கன்வெர்ஷன் என்ற பெயரைக் 'கீ ஈவென்ட்' என்று மாற்றிவிட்டது. கூகுள் விளம்பரக் கணக்கில் மட்டும் பழைய பெயர். இந்தக் 'கீ ஈவென்ட்'டை நம்மவர்கள் 'முக்கிய நிகழ்வு' என்று எழுதுவார்கள். காதுகுத்தா, கல்யாணமா என்று தம்பி மறுபடி போனைத் தூக்கிக்கொண்டு வருவார்.

அன்றைக்கு அவருக்கு, "நூறு பேர் வந்ததில் ரெண்டு பேருக்கு வியாபாரம் கைகூடியிருக்கு" என்று விளக்கினேன். முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மிச்சத் தொண்ணூத்தெட்டு பேரு ஏன் போனாவ?" என்றார். இருவரும் உட்கார்ந்து அவர் தளத்தில் ஒரு பாயை வாங்கிப் பார்த்தோம். அனுப்பும் கூலி கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டியது, பாய் விலையில் கால்வாசி.