பிழை எப்படித் தப்பியது?

1981 ஏப்ரல் 10. நாசாவின் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் முதல் பயணம். கிளம்ப 20 நிமிடம் இருக்கும்போது கவுண்ட்டவுன் நின்றது. ஓடத்தில் மொத்தம் ஐந்து கணினிகள். நான்கில் ஒரே மென்பொருள் ஓடும். ஐந்தாவதில், வேறொரு குழு தனியாக எழுதிய மாற்று மென்பொருள். அந்த ஐந்தாவதும் மற்ற நான்கும் நேரத்தில் ஒத்துப்போகவில்லை.

தேடிப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிரலில் செய்த ஒரு சின்ன மாற்றம். அதனால் கணினியை இயக்கும்போது நேரக்கணக்கு ஒரு சுற்று பிசகக்கூடும். அப்படிப் பிசக 67-ல் ஒரு வாய்ப்புதான். அன்று அது நடந்துவிட்டது. மென்பொருளை மறுபடி ஏற்றியதும் சரியானது. 12-ம் தேதி ஓடம் பறந்தது.

இந்த மாதிரிப் பிழையை டெஸ்டிங் மட்டும் பிடித்துவிடாது. 67 முறை இயக்கிப் பார்த்தாலும் ஒரு தடவைகூடக் கண்ணில் படாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு.

அந்த நான்கு கணினிகளில் ஓடிய மென்பொருளை எழுதியது ஹூஸ்டனில் இருந்த ஐபிஎம் குழு. முதலில் என்ன வேண்டும் என்பதைத் தாளில் எழுதுவார்கள். ஜிபிஎஸ் வசதி சேர்க்க மாற்ற வேண்டியிருந்தது சுமார் 6,400 வரிகள். அதற்கான விவரக்குறிப்பு 2,500 பக்கம்! நிரல் எழுதுபவர்கள் ஒரு அணி, அதில் குறை தேடுபவர்கள் இன்னொரு அணி. இரண்டுக்கும் மேலதிகாரிகள் வேறு. எதிரணி கையில் சிக்கக்கூடாது என்று எழுதியவர்களே கூடி உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார்கள். முறையான டெஸ்டிங் தொடங்கும் முன்பே 85 சதவீதப் பிழைகள் அகப்பட்டுவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது அவர்களின் பிழைப் பதிவேடு. ஒவ்வொரு பிழைக்கும் அது எப்போது நுழைந்தது, எந்தக் கட்டத்தில் பிடித்திருக்க வேண்டும், ஏன் பிடிக்கவில்லை, இதே பிழை வேறெங்கே ஒளிந்திருக்கும் என்று எழுதி வைத்தார்கள். எழுதியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, வேலைமுறையைத் திருத்தினார்கள். 1990-களில், 4,20,000 வரிகள் கொண்ட அந்த மென்பொருளின் 11 பதிப்புகளில் சேர்த்துக் கிடைத்த பிழைகள் 17.

இதற்குச் சுமார் 260 பேர் உழைத்தார்கள். கடைக்கு பில் போடும் மென்பொருளுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை, கட்டுப்படியும் ஆகாது. ஆனால் அந்தப் பதிவேட்டை நான்கு பேர் வேலை செய்யும் இடத்திலும் வைக்கலாம். நம் அணிகளில் பெரும்பாலும் நிரலைத் திருத்தியதும் டிக்கெட்டை, அதாவது அந்தப் பிழைக்கான புகார்ப் பதிவை, மூடிவிடுகிறோம். அங்கேதான் நஷ்டம். பிப்ரவரி 29 அன்று பில் போடும் நிரல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய பத்து நிமிடம் போதும். அதே தேதிக்கணக்கு சந்தா, வட்டி, நினைவூட்டல் ஆகியவற்றிலும் இருக்கிறதா என்று அன்றே தேட வேண்டும். டெஸ்ட் டேட்டாவில் அந்தத் தேதியே இல்லை என்று தெரியவந்தால், அதைச் சேர்த்த பிறகுதான் டிக்கெட்டை மூட வேண்டும்.