ஃபோர்ஸ் ஃபீட்பேக்: பின்னூட்டமா, மறுவிசையா?

திருகோணமலை உவர்மலையில் என் தங்கை வீட்டு உணவு மேசையில் இப்போது பாதிதான் சாப்பாட்டுக்கு. மற்றப் பாதியில் கார்ப் பந்தய சிமுலேட்டருக்கான ஸ்டியரிங் ஒன்றை இறுக்கிப் பூட்டி வைத்திருக்கிறான் மருமகன். போன மாதம் அங்கே போயிருந்தபோது, திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "மாமா, ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்குத் தமிழ் என்ன?"

"விசைப் பின்னூட்டம்" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அவன் கைக்குள் நடந்துகொண்டிருந்ததை அந்தச் சொல் தொடவில்லை. ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். சாதாரண விளையாட்டுக் கருவியில் கை திருப்பும், கணினி கேட்கும், அத்தோடு சரி. ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. திரையில் ஓடும் காரின் முன்சக்கரங்கள் ஸ்டியரிங் தண்டை எந்தப் பக்கம் எவ்வளவு முறுக்கும் என்பதை விளையாட்டு கணக்கிடுகிறது. செக்கனுக்குப் பல பத்துத் தடவைகள், சில விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கான தடவைகள் இந்தக் கணக்கு நடக்கும். அந்த முறுக்கை மோட்டார் உண்டாக்குகிறது. நாம் வளைக்க, அது கையைப் பிடித்து இழுக்கிறது. கையில் பிடிக்கும் விளையாட்டுக் கருவிகளின் வெறும் அதிர்வை இதோடு சேர்க்கக்கூடாது. அதிர்வுக்குத் திசை கிடையாது. இதற்குத் திசையும் உண்டு, அளவும் உண்டு.

ஸ்டியரிங் என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. பழைய ஆங்கிலத்தில் அதன் வேர் படகைச் செலுத்தும் துடுப்பைக் குறித்தது. கப்பலின் வலப்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்போர்ட் என்ற பெயர் வந்ததும் அந்தத் துடுப்பு வலப்புறம் கட்டப்பட்டிருந்ததால்தான். நம்முடைய சுக்கானும் அதே வழியில் வந்த சொல். அரபு வணிகரோடு கடல் கடந்து வந்து தமிழாகிவிட்டது. மாலுமி என்பதும் அரபியில் இருந்து வந்ததே. சிங்களத்தில் கார் ஸ்டியரிங்கை இன்றும் சுக்கானம என்றுதான் சொல்கிறார்கள். வளைகுடா நாடுகளில் சாரதியாக வேலை செய்து திரும்பிய மூதூர், கிண்ணியாக்காரரைக் கேளுங்கள், அங்கே அரபியிலும் கார் ஸ்டியரிங்குக்குச் சுக்கான்தான் என்பார்கள். ஆகவே கார் ஸ்டியரிங்கைச் சுக்கான் என்று எழுதுவதில் எந்தச் செயற்கையும் இல்லை. துறைமுக ஊர்க்காரனான எனக்கு அது வீட்டுச் சொல். இனி இந்தக் கட்டுரையில் சுக்கான் என்றே எழுதுகிறேன்.

அடுத்தது ஃபீட்பேக். ஊட்டுதல், திரும்ப என்ற இரண்டையும் சேர்த்து வானொலிப் பொறியியலாளர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. வெளியே வருகிற சமிக்ஞையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே ஊட்டுவதுதான் பொருள். அதன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு படகில் நடக்கிறது. 1927 ஆகஸ்ட் 2 அன்று, பெல் ஆய்வுக்கூடத்தின் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைபேசிச் சமிக்ஞையைப் பெருக்கும் கருவிகளின் திரிபைக் குறைக்கும் வழி அவருக்கு அங்கே தோன்றியது. வெளிவருவதில் ஒரு பகுதியை எதிர்த்திசையில் உள்ளே திருப்பிவிட்டால் பிழை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். கையில் இருந்த நியூயோர்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே அதை வரைந்து வைத்தார். 2009-இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் படகுப்பாதையில் போய்வந்த எங்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமல்ல.

பிளாக் கண்டது மறைப் பின்னூட்டல், எதிர்த்திசையில் திரும்பிப் பிழையைக் குறைப்பது. அதன் மறுபுறமான நேர்ப் பின்னூட்டலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கோவில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன்னால் கொண்டுபோனால் காதைக் கிழிக்கும் கூவல் எழுமே, அதுதான். இதை நினைவில் வையுங்கள், சுக்கானிலும் இதே கூவல் வரும்.

1947-இல் கணிதவியலாளர் நோர்பெர்ட் வீனர் பின்னூட்டலை மையமாக வைத்து ஒரு புதிய துறைக்குப் பெயர் தேடியபோது கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் சொல்லை எடுத்தார். சைபர்நெட்டிக்ஸ் என்பது அதில் இருந்து வந்தது. தமிழில் சொன்னால் மீகாமனின் கலை. கப்பலின் சுக்கான் இயந்திரங்களே பின்னூட்டலின் மிகப் பழைய, மிகச் சிறந்த வடிவங்களில் சில என்பது அவர் சொன்ன காரணம்.

கைக்கு விசையைத் திருப்பித் தரும் எண்ணம் விளையாட்டில் பிறக்கவில்லை. சிக்காகோவுக்கு அருகே உள்ள ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் கதிரியக்கப் பொருள்களைத் தடித்த சுவருக்கு அப்பால் இருந்து கையாளும் இயந்திரக் கைகளைச் செய்தார். அப்பாலுள்ள கை எதையாவது பிடித்தால் இப்பால் உள்ள மனிதக் கைக்கு அந்த அழுத்தம் தெரியவேண்டியிருந்தது. தெரியாவிட்டால் குடுவை நொறுங்கும். விமானங்களிலும் இதே தேவை வந்தது. இறகுத் தகடுகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கத் தொடங்கியதும் விமானியின் கைக்குக் காற்று தெரியாமல் போயிற்று. அதை ஈடுசெய்யச் சுருள்வில் வைத்துச் செயற்கையாகக் கனம் கொடுத்தார்கள். விளையாட்டுக் கூடங்களுக்கு 1980-களின் பந்தய இயந்திரங்கள் இதைக் கொண்டுவந்தன. வீட்டுக் கணினிக்கு 1990-களின் பிற்பாதியில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பல்சக்கரம் வைத்தவை, பட்டி வைத்தவை, மோட்டார்த் தண்டிலேயே சுக்கானைப் பொருத்தியவை என்று வளர்ந்த கதையை இங்கே நீட்டத் தேவையில்லை.

இப்போது உவர்மலை மேசைக்குத் திரும்புவோம். அன்று என் பெரியப்பாவும் அங்கே வந்திருந்தார். திருக்கடலூர்க்காரர். இளமையில் பாய் வள்ளத்தில் சுக்கான் பிடித்தவர், கச்சான் காற்று எழும்பிய நாட்களிலும் கொட்டியாரக் குடாவைக் கடந்தவர். மருமகன் அவரைக் கதிரையில் இருத்திச் சுக்கானைக் கையில் கொடுத்தான். பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதை. பெரியப்பா திரையை அதிகம் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் இலேசாக வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, கையால் கேட்பவர் போல் இருந்தார். இரண்டு வளைவு கடந்ததும் சொன்னார்:

"கனம் இருக்கிறது தம்பி. ஆனால் இது ஒன்றும் சொல்லவில்லையே."

மருமகன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். விசையின் அளவு நூறில் இருந்தது. கனமாக இருந்தால் நல்லது என்று அவனே வைத்ததுதான். அதை அறுபதுக்கு இறக்கினான். பெரியப்பா மறுபடி ஓட்டினார். ஓ ரூஜ் பள்ளத்தில் கார் இறங்கி ஏறும்போது அவர் விரல்கள் தாமாகவே இறுகின. நீண்ட வளைவொன்றில் வேகம் கூடிப்போனபோது, கார் வழுக்குவதற்கு முன்பே சுக்கானைத் தளர்த்திவிட்டார்.

"இப்போது தண்ணீர் தெரிகிறது" என்றார்.

நடந்தது இதுதான். டயர் வளைந்து ஓடும்போது தரையைத் தொடும் பகுதி சற்றுத் திரிகிறது. பக்கவிசை அந்தத் தொடுபகுதியின் நடுவில் தாக்காமல் கொஞ்சம் பின்னால் தாக்குகிறது. அந்தத் தூரமும் விசையும் சேர்ந்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கும் முறுக்கைத் தருகின்றன. வளைவின் வேகம் கூடக்கூட முறுக்கும் கூடும். ஆனால் பிடிமானத்தின் எல்லை நெருங்கும்போது அந்தத் தூரம் சுருங்கத் தொடங்கிவிடும். டயர் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், சுக்கான் மட்டும் கையில் இலேசாகும். முன்சக்கரம் வழுக்கப்போகிறது என்று வாகனம் கைக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு அந்த இலேசுதான். அளவை நூறில் வைத்தபோது சாதாரண வளைவிலேயே மோட்டார் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் விளையாட்டு எவ்வளவு கேட்டாலும் மோட்டாரால் கொடுக்க முடியாது. கூடுவதும் குறைவதும் உச்சிக்கு மேலேயே நடந்ததால் அலையின் முகடு வெட்டுப்பட்டு, கைக்கு ஒரே கனமாகத் தெரிந்தது. பெரியப்பா குறைபட்டது அந்த வெட்டுப்பட்ட முகட்டைத்தான்.

"ஒன்றும் சொல்லவில்லையே" என்ற அந்த வாக்கியத்தில்தான் எனக்குச் சொல் கிடைத்தது.

பின்னூட்டம் ஏன் பொருந்தவில்லை என்று இப்போது சொல்ல முடியும். ஆங்கிலச் சொல்லின் பிற்பாதி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதைக் குறிக்கிறது. தமிழில் 'பின்' என்றால் பிறகு, அல்லது பின்புறம். ஒன்றை வாசித்த பிறகு எழுதும் கருத்துக்குப் பின்னூட்டம் என்று பெயர் வைத்தது நன்றாக நிலைத்ததற்கு இதுவே காரணம், அது உண்மையிலேயே பின்னால் வருவது. சுக்கானில் வரும் விசை பிறகு வருவதல்ல. கை அசைகிற அதே கணத்தில் கையோடு நிற்பது. அது ஊட்டப்படுவதும் இல்லை. சமிக்ஞை சுற்றிவரும் தடத்தை விளக்கும் பொறியியலாளருக்குப் பின்னூட்டல் சரியான சொல், எங்கள் பாடநூல்களில் அது அப்படியே இருக்கட்டும். கையில் உணரப்படும் பொருளுக்கு வேறு பெயர் வேண்டும்.

எதிர்விசை என்று சொல்லலாமே என்றால், அதை நியூட்டனின் மூன்றாம் விதிக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. காரின் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும்போது முன்சக்கரங்கள் கார் போகிற திசையை நோக்கித் தாமாகத் திரும்பும். அப்போது சுக்கான் கையை எதிர்ப்பதில்லை, திருப்பவேண்டிய பக்கத்தைக் காட்டி முன்னே ஓடுகிறது. உதவிக்கு வருவதை எதிர் என்று எப்படிச் சொல்வது? மீள்விசை என்றால் அது இழுத்த வில் பழைய இடத்துக்குத் திரும்பும் விசை.

ஆகவே என் தேர்வு மறுவிசை. மறுமொழி, மறுபேச்சு என்பவற்றில் வருகிற அதே மறு. நாம் கேட்க, அது பதில் சொல்கிறது. பதில் நம்மோடு ஒத்துப்போகலாம், மறுக்கவும் செய்யலாம். மறு என்ற சொல்லுக்குள் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. விசை என்பதும் நல்ல பழஞ்சொல். வேகம், உந்துதல், பொறி என்று பல பொருள் சுமந்து, விசைத்தறியிலும் விசைப்படகிலும் விசைப்பலகையிலும் அன்றாடம் புழங்குகிறது.

இந்த ஒரு சொல் நின்றுவிட்டால் அமைப்புப் பக்கத்தின் மற்றச் சொற்களும் இடம் பிடிக்கின்றன. விசையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் என்பதற்கு எங்கள் உயர்தரப் பௌதிகத்தில் நயம் என்ற சொல் இருக்கிறது, ஆதாயம் என்ற பழம்பொருளில் இருந்து வந்தது. மறுவிசை நயத்தை வேகமான நீண்ட வளைவொன்றில் சோதித்து, முகடு வெட்டுப்படுவது ஓரக்கல்லில் ஏறும்போது மட்டும் நிகழும் அளவுக்கு இறக்குவதே நல்ல வழக்கம். சுக்கானை நடுவுக்கு இழுக்கும் செயற்கை வில்லுக்கு மீள்விசை பொருந்தும். அதைப் பூச்சியத்தில் வையுங்கள், சாலையின் பேச்சின்மேல் அது தன் பேச்சைப் போட்டு மூடிவிடும். டாம்பிங் என்பது தணிப்பு. நேர்ப்பாதையில் கையை எடுத்தால் சில சுக்கான்கள் இடமும் வலமும் வெறிகொண்டு ஆடும். நயம் அதிகமாகி, மோட்டாரின் பதில் ஒரு கணம் தாமதிக்கும்போது விசை சுற்றிச் சுற்றி வளர்வதால் வருவது அது. திருவிழா ஒலிபெருக்கியின் கூவலேதான். சிறிதளவு தணிப்பு அதை அடக்கும், அதிகமானால் சுக்கான் சேற்றுக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும்.

பல்சக்கரச் சுக்கான்களின் நடுவில் ஒன்றும் உணராத ஒரு சிறு இடைவெளி இருக்கும். அதற்குப் புதுச்சொல் தேடவேண்டாம். கராஜில் கேட்டால் "ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது" என்பார்கள். ஆங்கிலத்திலும் அந்தத் தளர்வுக்கும் விளையாட்டுக்கும் ஒரே சொல்தான், தமிழிலும் அப்படியே என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. மிகக் குறைந்த மறுவிசையைச் சற்று உயர்த்தி வைத்தால் அந்த ஆட்டம் மறையும்.

இந்த எண்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் ட்வீக் என்கிறார்கள். அதன் பழைய பொருள் கிள்ளித் திருகுவது, காதைத் திருகுகிறோமே, அதுபோல. அதற்குச் சுருதி சேர்த்தல் என்பேன். மிருதங்கக்காரர் விளிம்பைத் தட்டி, வலந்தலையில் விரலால் மீட்டிக் கேட்டு, மறுபடி தட்டுவார். எண் ஒன்றை மாற்றி, ஒரு சுற்று ஓட்டி, கையால் கேட்டு, மறுபடி மாற்றுவதும் அதே பொறுமைதான். ஒரே நேரத்தில் இரண்டு எண்களை மாற்றினால் எது கேட்டது என்று தெரியாது.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் அல்லவா? "இந்தச் சுக்கானின் மறுவிசை ஐந்து நியூட்டன் மீற்றர்." "மழைப் பாதையில் மறுவிசை இலேசாக இருக்கும்." "மறுவிசை செத்துக் கிடக்கிறது, நயத்தைக் குறை." கடைசி வாக்கியம் என்னுடையது அல்ல. போன ஞாயிறு தொலைபேசியில் மருமகன் தன் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தது.