டிஜே செய்வதும் இசைதானா? ஓர் ஒலியமைப்பாளரின் பதில்

சிங்கப்பூரில் கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், நிறுவன விருந்து என்று எதற்கு ஒலியமைப்பு செய்யப் போனாலும், இடையில் யாராவது என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று டிஜேயைக் காட்டிக் கேட்பார்கள்: “அவரு என்னதாம்பா பண்றாரு? பாட்டெல்லாம் ஏற்கெனவே இருக்கு. பட்டனை அமுக்குறாரு, அவ்ளோதானே?” பெரும்பாலும் செலவை ஏற்றுக்கொண்ட வீட்டுப் பெரியவர்தான் கேட்பார். கேள்வி நியாயமானது. பதில்தான் ஊரில் சரியாகக் கிடைப்பதில்லை.

என் வேலை இரண்டு தரப்பையும் கிட்டத்திலிருந்து பார்க்கும் வேலை. காலை முகூர்த்தத்தில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைக்கிறேன். இரவு வரவேற்பில் டிஜே மேசைக்கு வயர் இழுக்கிறேன். அங்கே நின்று கேட்டதை வைத்துச் சொல்கிறேன்: டிஜே மேசையில் நடப்பது இசை வாசிப்புதான். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிற எல்லாரும் வாசிப்பதில்லை. யார் வாசிக்கிறார், யார் ஒலிக்கவிடுகிறார் என்று காதால் பிரித்தறியலாம். அதற்குக் கொஞ்சம் விவரம் தெரிந்தால் போதும்.

ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் அந்த அரை நிமிடத்தை மட்டும் கவனியுங்கள். ஹெட்ஃபோனின் ஒரு பக்கம் டிஜேயின் காதில் இருக்கும், மறுபக்கம் கழன்று கிடக்கும். ஒரு காதில் அரங்கில் ஓடும் பாட்டு, மறு காதில் இன்னும் யாருக்கும் கேட்காத அடுத்த பாட்டு. இரண்டின் வேகமும் பொருந்த வேண்டும். ஒன்று நிமிடத்துக்கு 124 அடி, மற்றது 125 அடி என்றால், ஒரே நிமிடத்தில் முழுதாக ஓர் அடி விலகிவிடும்; அரை நிமிடத்திலேயே ஒன்றின் அடி மற்றதன் இடைவெளியில் விழும். வேகத்தைப் பொருத்திய பிறகு எந்த இடத்தில் புதியதை உள்ளே விடுவது என்ற கணக்கு இருக்கிறது. நடன இசை பெரும்பாலும் 16 அடி, 32 அடி என்று வாக்கியம் வாக்கியமாகக் கட்டப்பட்டது. வாக்கியத்தின் நடுவில் நுழைத்தால் வேகம் பொருந்தியிருந்தாலும் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும்.

அடுத்தது பேஸ், அதாவது பாட்டின் கீழ் ஒலி. இது என் மேசையில் அப்பட்டமாகத் தெரியும். இரண்டு பாட்டிலும் அடியைக் கொடுக்கும் கிக் டிரம்மும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் ஒலி அளவு 6 டெசிபல் வரை ஏறும். ஒலி எல்லை மீறாமல் அமுக்கும் லிமிட்டரின் சிவப்பு விளக்கு எரியும், அரங்கில் குரல் அமுங்கிப்போகும். நல்ல டிஜே புதிய பாட்டின் கீழ் ஒலியை முழுக்க வெட்டிவிட்டு உள்ளே கொண்டுவருவார். வாக்கியம் முடிந்து அடுத்ததன் முதல் அடி விழும்போது பழையதன் பேஸை இறக்கிப் புதியதன் பேஸை ஏற்றுவார். இரண்டு கையும் ஒரே நேரத்தில், எதிரெதிராகத் திரும்பும். என் மீட்டர் அசையாது. அரங்கில் யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் உடம்பு மாற்றத்தை உணர்ந்து துள்ளும்.

“இதையெல்லாம் இப்போது சிங்க் பட்டன் செய்துவிடுகிறதே” என்பார்கள். வேகம் பொருத்துவதை அது செய்யும், உண்மை. சீராக 128 அடியில் கணினியில் செய்யப்பட்ட ஹவுஸ் என்ற நடன இசைப் பாட்டுகள் இரண்டு கிடைத்தால் பட்டன் பிசகாது. ஆனால் நம் விருந்துகளில் அந்தப் பாட்டு மட்டும் ஓடுவதில்லை. 1980-களின் இளையராஜா பாட்டு ஒன்று நடுவில் வராமல் தமிழ் வரவேற்பு முடியாது. அவற்றில் பெரும்பாலானவை வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. மனிதர் வாசித்தால் பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் இம்மி கூட, சரணத்தில் இம்மி குறைய என்று பாட்டு மூச்சுவிடும். பாட்டுக்கு ஒரே சீரான வேகம் என்று மென்பொருள் கணக்குப் போட்டிருந்தால் பட்டன் அதையே கடைசிவரை பிடித்துக்கொண்டு போகும். பாட்டு நகர்ந்துவிடும். அந்த இடத்தில் டிஜே தன் கருவியில் உள்ள ஜாக் வீல் என்ற வட்டத்தில் விரல் நுனியை வைத்து, ஒரு துளி தள்ளி, ஒரு துளி பிடித்து, பாட்டோடு கூடவே போக வேண்டும். பாடகருக்குப் பின்னால் மிருதங்கம் போவதுபோல்.

இன்னும் கடினமான இடம் குத்துப் பாட்டு. தைப்பூசத்தில் உருமி மேளம் கேட்டு வளர்ந்த சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், உடம்புக்கே தெரியும். ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசையெல்லாம் தகதிமி தகதிமி என்று நாலு நாலாகப் பிரிபவை; இது சதுஸ்ரம். நம் குத்துப் பாட்டுகளில் பல தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் பிரிபவை; இது திஸ்ரம். அடி இரண்டிலும் ஒரே இடத்தில் விழலாம். ஆனால் அடிக்கு நடுவில் இருக்கும் பிரிவுகள் ஒன்றோடொன்று முட்டும். டிஜேயின் மென்பொருளும் இங்கே குழம்பும்: நிமிடத்துக்கு 130 அடி என்று காட்ட வேண்டிய திஸ்ரப் பாட்டைச் சில நேரம் 195 என்று காட்டும், சில நேரம் 97.5 என்று காட்டும். அதை நம்பி சிங்க் அமுக்கினால் அரங்கமே சிதறும்.

அடியின் உட்பிரிவு இப்படி மாறுவதைக் கர்நாடக இசை படித்தவர்கள் நடை பேதம் என்பார்கள். தாள வாத்தியம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு ஒரு வித்வான் தாவும்போது நாம் தலையை ஆட்டிக் கைதட்டுகிறோம். அதே தாவலை டிஜே மேசையில் சுத்தமாகச் செய்ய என்ன தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஹவுஸ் பாட்டில் ஹைஹாட், ஷேக்கர் போன்ற சிறு தாள ஒலிகள் எல்லாம் விலகி வெறும் கிக் மட்டும் நிற்கும் இடம் எது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். குத்துப் பாட்டில் பறை தனியாகத் தொடங்கும் இடமோ, குரல் மட்டும் வரும் இடமோ தெரிந்திருக்க வேண்டும். பிரிவுகள் முட்டாத அந்த நாலைந்து விநாடிக்குள் ஒன்றை வெளியேற்றி இன்னொன்றை நிறுத்த வேண்டும். அதைத் தட்டுத் தடங்கலின்றிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் நடையை வாயால் சொல்லத் தெரிந்தவர்கள்.

சுருதியும் உண்டு. பழைய இசைத்தட்டில் வேகத்தை 6 விழுக்காடு கூட்டினால் பாட்டு ஏறக்குறைய அரை ஸ்வரம் மேலே போய்விடும். இன்றைய கருவிகள் சுருதியை நகராமல் பிடித்து வைக்கும். ஆனால் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எது சேரும் என்பதைக் காதுதான் தீர்மானிக்கும். மென்பொருளுக்குத் தெரிந்தது மேற்கத்திய மேஜர், மைனர் வகை 24 மட்டுமே. ராகத்தின் சாயலில் அமைந்த திரைப்பாட்டுக்கு அது ஒட்டும் சீட்டை நம்ப முடியாது.

எலக்ட்ரானிக் இசையைப் பொறுத்தவரை டிஜே உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று கேட்பதே வரலாற்றைத் தலைகீழாகப் பார்ப்பது. நியூயார்க்கின் பிராங்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த விருந்தில் கூல் ஹெர்க் என்ற டிஜே இசைத்தட்டுகளின் தாளப் பகுதியை மட்டும் எடுத்து வாசித்தார். பிறகு ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இசைத்தட்டை ஓட்டும் கருவியான டெக் இரண்டில் மாற்றி மாற்றி ஓட்டி, சில விநாடி மட்டுமே வரும் அந்தப் பகுதியை நிமிடக்கணக்கில் நீட்டினார். இசைத்தட்டில் இல்லாத ஒரு நீளம் அங்கே பிறந்தது. அது ஹிப்ஹாப் ஆனது. சிகாகோவின் வேர்ஹவுஸ் என்ற இரவு நடன விடுதியில் 1977 முதல் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்தார். பிற்பாடு பாட்டுகளுக்கு அடியில் டிரம் மெஷினையும் ஓடவிட்டார். ஹவுஸ் இசைக்குப் பெயரே அந்த விடுதியிலிருந்து வந்தது என்பார்கள். டெட்ராய்ட்டின் டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் மூன்று டெக்குகளோடு ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினைக் கையால் வாசிப்பவர். இந்த இசை டிஜே மேசையில்தான் கருவுற்றது. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற டெக்கின் வேகம் மாற்றும் நீளப் பிடி, கூட்டவும் குறைக்கவும் 8 விழுக்காடு வரை இடம் கொடுத்தது. அந்தப் பிடி இல்லாமல் இன்றைய நடன இசையை நினைத்துப் பார்க்க முடியாது.

மேடைக் கச்சேரி இசை உலகமும் இதைப் புறக்கணிக்கவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1939-லேயே வேகம் மாறும் சுழல்தட்டுகளுக்கு ஒரு படைப்பை எழுதினார். இசையமைப்பாளர் கேப்ரியல் புரோகோஃபியெவ் 2006-இல் டர்ன்டேபிள் என்ற சுழல்தட்டுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கான்சர்ட்டோ எழுதினார்.

சட்டமும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. டெக்னோ, ஹவுஸ் இரவுகளுக்குக் கச்சேரிக்குரிய 7 விழுக்காடு வரியா, பொழுதுபோக்குக்குரிய 19 விழுக்காடு வரியா என்ற வழக்கில் 2020-இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நிதி நீதிமன்றம் இவற்றைக் கச்சேரியாகக் கருதலாம் என்றது. டர்ன்டேபிளும் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியும் இசைக்கருவிகளாகப் பயன்படுகின்றன, டிஜே பிறர் பாட்டை வெறுமனே ஓட்டவில்லை என்பது அந்த நீதிமன்றம் ஏற்ற வாதம். வரிக் கணக்கு என்று சிரிக்க வேண்டாம். ஒரு நாடு கலையென்று ஒப்புக்கொள்வது பல நேரம் இப்படித்தான் காகிதத்தில் பதிவாகிறது.

எதிர்த் தரப்புக்கும் ஆதாரம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2012-இல் டெட்மவுஸ் என்ற புகழ்பெற்ற கனடாக் கலைஞரே, பெரிய மேடைகளில் நாங்கள் எல்லாரும் பிளே பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்ற பொருளில் எழுதினார். விளக்கு, திரைக்காட்சி, புகை எல்லாம் விநாடி பிசகாமல் பாட்டோடு நகர வேண்டுமென்றால் நேரக்குறியீட்டை ஓடவிட்டு எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். அங்கே டிஜே நினைத்த நேரத்தில் பாட்டை மாற்ற இடமே இல்லை. அது வேறு வகை உழைப்பு. ஸ்டூடியோவில் செய்து முடித்த இசையை மேடையில் காட்டுவது. எனக்கு அதில் குறையில்லை, நேர்மையாகச் சொன்னால்.

குறை எங்கே இருக்கிறதென்றால், வீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மொத்தமாகக் கலந்து வைத்த ஒரே கோப்பைப் போட்டுவிட்டு, ஓடாத டெக்கின் திருகுகளைத் திருகி நடிப்பதில். என் மேசையில் அது உடனே தெரிந்துவிடும்: அவர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்குவார், ஒலி இறங்காது. அவர் வாங்குவது வாசிப்பவரின் கூலி. அதோடு, மற்றவர் பாட்டில் நாலு அடி டிரம் சேர்த்துவிட்டுத் தன் படைப்பு என்று போட்டுக்கொள்வதையும் நான் ஏற்கவில்லை. இசையமைத்தவர் வேறு, வாசிப்பவர் வேறு. தியாகராஜர் கிருதியைப் பாடுகிறவர் அதை இயற்றியதாகச் சொல்லிக்கொள்வதில்லை, ஆனாலும் அவர் இசைக்கலைஞர்தான். டிஜேக்கு நான் கேட்பது அந்த இடம், அந்த ஒழுக்கத்தோடு. இங்கே பொது நிகழ்ச்சியில் பாட்டு ஒலிக்கவிட, இயற்றியவர்களின் உரிமையை நிர்வகிக்கும் காம்பஸ் அமைப்பின் உரிமம் எடுப்பது இயற்றியவருக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கத்தான். அது டிஜேயின் கூலியில் அடங்காது.

இனி, நிகழ்ச்சி நடத்துகிற குடும்பங்களுக்கு.

டிஜேயை ஏற்பாடு செய்யும்போது எத்தனை ஸ்பீக்கர், எத்தனை விளக்கு என்று மட்டும் கேட்கிறோம். அவர் நேரலையாகக் கலந்த பதிவு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். பாட்டு மாறும் இடங்களை மட்டும் கேளுங்கள். மணமக்களின் உறவினர்களில் எந்த வயதினர் அதிகம் என்று அவரே உங்களிடம் விசாரித்தால் நல்ல அறிகுறி.

மண்டபத்தில் அவரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். அலங்காரம் கெடும் என்று தூணுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். ஆடுகிறவர்களைப் பார்க்க முடியாத டிஜே எதை வைத்து அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுப்பார்? அவருக்குப் பக்கத்தில் ஒரு மானிட்டர் ஸ்பீக்கரும் வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆகும். அரங்கின் ஸ்பீக்கர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அவர் காதுக்கு 30 மில்லிவிநாடி தாமதம். ஹெட்ஃபோனில் ஒன்று, வெளியே ஒன்று என்று அடி இரட்டிக்கும். செலவைக் குறைக்கப் பட்டியலிலிருந்து முதலில் வெட்டப்படுவது இந்த மானிட்டர்தான். பிறகு “டிஜே சரியில்லை” என்பார்கள்.

“எங்க பையன் டிஜே கத்துக்கணும்கிறான் அண்ணே, விடலாமா?” என்று கேட்கும் பெற்றோருக்கும் என் பதில் ஒன்றுதான்: விடுங்கள், ஆனால் இசையாகவே கற்கச் சொல்லுங்கள். மிருதங்கமோ கீபோர்டோ ஏற்கெனவே படிக்கிறான் என்றால் அதை நிறுத்த வேண்டாம், இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். தொடக்கத்தில் சிங்க் பட்டனைத் தொடாமல் காதால் பொருத்திப் பழகட்டும். தான் கலந்ததைப் பதிவு செய்து மறுநாள் கேட்கட்டும். பாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கட்டும். இணையத்தில் உருவி எடுத்த கோப்புகளில் மேல் ஒலி தேய்ந்திருக்கும், பெரிய ஸ்பீக்கரில் அந்த ஓட்டை மறையாது.

காது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிங்கப்பூரில் வேலையிடச் சத்தத்துக்கு எல்லை எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் ஒரு காதுக்கு உள்ள நேரம் 15 நிமிடம். இசை அரங்குகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த தரமும், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. டிஜே அந்தச் சத்தத்தின் நடுவில் நாலு மணி நேரம் நிற்கிறார், ஹெட்ஃபோனை அதற்கும் மேலே ஏற்றிக்கொண்டு. பாடகர் தொண்டைக்குக் கொடுக்கும் கவனத்தை இவர் காதுக்குக் கொடுக்க வேண்டும். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் வடிப்பான் உள்ள காது அடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாக, 15 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். சாதாரணப் பஞ்சு அடைப்பான் மேல் ஒலியை அதிகம் தின்றுவிடும். பையனுக்கு டெக் வாங்கிக் கொடுக்கிற அன்றைக்கே அதையும் சேர்த்து வாங்குங்கள். வரவேற்பில் முதல் வரிசையில் குழந்தைகளை ஸ்பீக்கருக்கு முன்னால் ஆடவிடும் வீட்டார், என்னிடம் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். குறைப்பதும் என் வேலைதான்.