மிளகளவு காற்று

சங்ககிரியில் பழைய டிப்பர் லாரி ஒன்று வைத்திருக்கும் வாசகர் கேட்டிருந்தார்: "ஹெட் கேஸ்கெட் மாற்றினோம். எல்லாவற்றையும் பழையபடி பூட்டியாகிவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டிதான் ஸ்டார்ட் ஆகவில்லை. போன வாரம் வரை ஓடிய இன்ஜினுக்கு இப்போது என்ன ஆயிற்று?" (ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி. கேஸ்கெட் அதன் அடியில் இடுக்கை அடைக்கும் தகடு.)

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா என்று கேட்டேன். "துளிகூட இல்லை" என்றார். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினும் சரி, இந்த டிப்பரும் சரி, காற்றை நசுக்கிச் சூடாக்குவதை நம்பித்தான் ஓடுகின்றன. பதினேழு பங்கு காற்றை ஒரு பங்காக அழுத்தினால் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைப் பொடிப்பொடியாகத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். எர்த் ஒயரைச் சரியாக முறுக்காததால் செல்ஃப் மெதுவாகச் சுற்றலாம், காற்றை நசுக்கும் அழுத்தம், அதாவது கம்ப்ரெஷன், குறைவாக இருக்கலாம், டீசலைத் தெளிக்கும் நேரம், அதாவது டைமிங், தவறியிருக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவேயில்லை. இன்ஜினை நிறுத்த டீசலை வெட்டும் ஸ்டாப் லீவர் இழுத்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அது சரியாகவே இருந்தது. அப்படியானால் லைனில் ஏர் பிடித்திருக்கிறது.

ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் டீசல் பைப்புகளைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் உள்ளிருந்த டீசல் வடிந்து, அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துவிடும். "கொஞ்சம் காற்றுதானே, டீசலோடு சேர்ந்து போய்விடாதா?" என்று தோன்றும். போகாது. ஏன் போகாது என்பது எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம்.

ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து அழுத்துங்கள். அசையாது. இப்போது தண்ணீருக்குப் பதில் காற்று. தண்டு பாதி தூரம் உள்ளே போகும், கையை எடுத்தால் திரும்பி வரும். காற்று ஒரு ஸ்பிரிங்.

டீசல் பம்பிலும் இப்படி ஒரு தண்டுதான் இருக்கிறது. பழைய லாரிகளில் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் திறக்க ஏறத்தாழ 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 200 மடங்கு, வேண்டும். தண்டு ஒரு முறை ஏறினால் தள்ளும் டீசல் ஓரிரு துளி மட்டுமே. அழுத்தத்தை 200 மடங்கு கூட்டும்போது டீசல் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சுருங்கும், அதனால் தள்ளியது முழுவதும் நாசிலுக்குப் போய்ச் சேரும். அதே இடத்தில் மிளகளவு காற்றுக்குமிழி இருந்தால், அது நசுங்கி நசுங்கிக் கடுகைவிடச் சிறியதாகிவிடும். தண்டின் முழுத் தள்ளலும் அந்த நசுங்கலுக்கே செலவாகிவிடும். நாசில் திறக்க வேண்டிய அழுத்தம் வரவே வராது. தண்டு கீழே இறங்கும்போது குமிழி மறுபடி உப்பும். அடுத்த சுற்றிலும் இதே கதை. எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் குமிழி உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பேட்டரிதான் இறங்கும்.

அனுபவமுள்ள மெக்கானிக் நாசில் பைப்பை வெளியிலிருந்து விரலால் பிடித்து நாடி பார்ப்பார். செல்ஃப் அடிக்கும்போது நல்ல பைப்பில் 'டக் டக்' என்று அடி தெரியும். ஏர் பிடித்த பைப் செத்துக் கிடக்கும்.

ஏர் எடுப்பது எளிது. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பிலுள்ள கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்போது, பம்பை அடித்தபடியே ஸ்குரூவை முறுக்க வேண்டும். அப்புறம் டீசல் பம்பின் ஸ்குரூ, கடைசியில் நாசில் பைப் நட்டுகள். நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கும்போது கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தித் தேக்கி வைக்கும் புதிய காமன் ரெயில் வண்டிகளில் பல மடங்கு அழுத்தம் உண்டு. அவற்றில் இந்த நட்டுகளைத் தொடவே கூடாது.

வாசகர் ஏர் எடுத்தார். வண்டி ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுபடி நுரை. யாரோ திருஷ்டி என்று சொல்ல, எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காயும் உடைத்திருக்கிறார்கள். வண்டிமேல் உள்ள பாசத்தில் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருஷ்டி என்று முடிவு கட்டிய நிமிடம் தேடுவது நின்றுவிடுகிறது, எனக்கு வருத்தம் அதில்தான். ஒரு நாள் வாடகை போனால் அந்த வீட்டில் அது பெரிய தொகை.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே இடுக்கு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணால் பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாகவே இருக்கும். நான் சொன்னபடி ஃபீட் பம்ப் ஜாயின்டைக் கழற்றிப் பார்த்தார்கள். பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒரு முறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், அடுத்த முறை முறுக்கும்போது வளைந்து கொடுத்து இடுக்கை அடைக்காது. அதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் உள்ளே படிகங்கள் புதிதாக உருவாகிச் செம்பு மறுபடி மெத்தென்றாகும். பக்கத்து வெல்டிங் பட்டறையில் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்து, தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினார்கள். இது தெரிந்த மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குத் தெரிந்ததைத் தமிழில் எழுதி ஐடிஐ பாடமாக்க யாராவது பணம் ஒதுக்க வேண்டும்.

மறுபடி ஏர் எடுத்துச் செல்ஃப் அடித்தபோது முதலில் இரண்டு சிலிண்டர்தான் பிடித்ததாம். வண்டி குலுங்கி, வெள்ளையாகப் புகை தள்ளியது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற நான்கும் சேர்ந்துகொண்டன.